சுடுதண்ணி ஊற்றினால் தெரியும் முகங்கள்

காதலர்களுக்குக் கப்பில் போட்டோ அச்சடித்துக் கொடுக்கிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: கப் உடைவதற்கு முன்பே வாங்கியவர்கள் உடைந்துவிடுவார்கள், அதனால் கியாரண்டி கேட்டு ஒருத்தரும் வருவதில்லை.

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒன்பது வருஷமாக இந்தக் கடையை நடத்துகிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், கப்பைச் சூடாக்கிப் படத்தை ஏற்றுகிற மெஷின் ஒன்று, பார்சல் கட்ட ஜமீலாக்கா. அவ்வளவுதான் என் சாம்ராஜ்யம். போட்டோ கொண்டுவந்தால் கப், தலையணை, சாவிக்கொத்து என்று எதில் கேட்டாலும் போட்டுத் தருவோம். அதிகம் போவது மேஜிக் கப்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பார்க்க அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி முழுக் கறுப்பாக இருக்கும். சூடாக எதையாவது ஊற்றினால் வெளியே போட்டோ தெரியும். ஆறினால் மறுபடி கறுப்பு. வீட்டுக்குத் தெரியாமல் காதலிக்கிறவர்களுக்காகவே எவனோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்த பொருள்.

நான் ஏதோ வேடிக்கை பார்க்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். நீல டிக் விழுந்தும் பதில் வராமல், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு நிமிஷத்தில் நிமிர்த்திப் பார்க்கிற மகாஜனங்களே, நானும் உங்கள் ஜாதிதான். எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருக்கும் பிரபுவோடு பதினோரு மாதமாகப் ‘பேசிக்கொண்டிருந்தேன்’. காதலா என்று கேட்டால் ‘அப்படி இல்ல’. இல்லையா என்று கேட்டால் ‘அப்படியும் இல்ல’. ‘அம்மாகிட்ட நேரம் பாத்து சொல்றேன்’ என்பது அவன் கடைசியாகக் கொடுத்த வாக்கு. அவன் சொல்வானா மாட்டானா என்று காத்துக்கொண்டே நான் ஊரார் காதலை அச்சடித்த கதைதான் இது.

என்னவென்று போடுவது?

வியாசர்பாடியிலிருந்து ஒரு பையன் வந்தான். ஃபுட்பால் ஆடுகிறவன், முழங்காலில் பிளாஸ்திரி. அவனும் ஒரு பெண்ணும் மெட்ரோவில் எடுத்த செல்ஃபியைத் தலையணையில் போட வேண்டும். அவள் பிறந்தநாள். “கீழே என்ன எழுதணும்?” என்று கேட்டேன். அங்கேதான் வண்டி நின்றது. ‘காதலி’ என்று போட்டால் அவள் கோபித்துக்கொள்வாளாம். ‘தோழி’ என்று போட்டால் இவன் அழுதுவிடுவானாம். ‘ஸ்பெஷல்’ என்றேன். “அது பிரியாணிக்குப் போடறதாச்சேக்கா” என்றான்.

“அவளையே கேட்டுடேன், நாம இன்னான்னு” என்று ஜமீலாக்கா யோசனை சொன்னார். பையன் வியர்த்துக்கொண்டே மெசேஜ் அனுப்பினான். கடை ஸ்டூலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பெனால்டி அடிக்கப் போகிறவன் பந்தைப் பார்ப்பதுபோலப் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் பதில் வந்தது: கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற பொம்மை முகம், ஒன்றே ஒன்று. அதை மூன்று பேரும் பெரிது பண்ணிப் பார்த்தோம். ஒரு அர்த்தமும் கிடைக்கவில்லை. பையன் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டு சொன்னான்: “எய்த்தும் வாணாம், போட்டோவும் வாணாம்க்கா. வெறும் தலகாணியாவே குடு. எனுக்குத் தூங்கறதுக்காச்சும் ஆவும்.”

தோளில் ஒரு கை

நமக்கெல்லாம் ஒரு விஷயம் தெரியும், வெளியே சொல்வதில்லை. நாம் அழகாக விழுந்திருக்கிற ஒரே போட்டோவில்தான் பிரிந்துபோனவர்களும் இருப்பார்கள். தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவன் எண்ணூர் கடற்கரையில் எடுத்த படத்தோடு வந்தான். பக்கத்தில் நிற்கும் பெண்ணை எடுத்துவிட்டு அவனை மட்டும் ஃபிரேம் போட வேண்டும். வீட்டில் பெண் பார்க்கிறார்களாம், அதற்குக் கொடுக்க.

பெண்ணை எடுத்துவிட்டேன். கடலை இழுத்து அந்த இடத்தில் வைத்தேன். ஆனால் அவன் தோளில் அவள் கை மட்டும் கிடந்தது, நகத்தில் சிவப்புப் பாலிஷோடு. அதை அழித்தால் சட்டையின் கட்டம் கோணிக்கொண்டு போனது. நாலு தடவை அழித்தேன், நாலு தடவையும் தோள்பட்டை இறங்கிப்போனவன் மாதிரி ஆகிவிட்டான். “வேற போட்டோ இல்லையா?” என்றேன். போனில் இருந்த மற்ற படங்களைக் காட்டினான். எல்லாவற்றிலும் ஆதார் அட்டையில் இருப்பதுபோல இருந்தான். அந்த ஒரு படத்தில் மட்டும் சிரித்திருந்தான், யாரைப் பார்த்துச் சிரித்தான் என்பது உங்களுக்கே தெரியும். திரையை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னான்: “பாலிஷ மட்டும் அழிச்சுடுக்கா, கை இருக்கட்டும். எங்க மாமா கைன்னு சொல்லிக்கிறேன்.”

அப்பாவின் டீ

ராயபுரத்துப் பெண் ஒருத்தி மேஜிக் கப் வாங்கிக்கொண்டு போனாள். அவளும் அவள் ஆளும் கன்னத்தோடு கன்னம் வைத்து எடுத்த படம். எங்கே ஒளிப்பது என்று யோசித்து, புத்திசாலித்தனமாகச் சமையலறை அலமாரியில் மற்ற கப்புகளோடு வைத்துவிட்டாள். கறுப்புக் கப்தானே, யாருக்குத் தெரியப் போகிறது. அவள் தனியாக இருக்கும்போது காபி ஊற்றிப் பார்த்துக்கொள்வாளாம். நல்ல திட்டம்தான். எட்டு மாதம் ஓடியது.

ஒருநாள் காலை அவள் அப்பா கப்போடு கடைக்கு வந்தார். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர், கை இரண்டும் உலக்கை மாதிரி. அம்மா தெரியாமல் அதில் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டார். பாதி பேப்பர் படிப்பதற்குள் கப்பில் மருமகன் தோன்றிவிட்டான். “போட்டோ குடுத்தா போட்டுத் தர்றதுதான் சார் எங்க வேலை” என்று மென்று முழுங்கினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பெண்ணை மிரட்டிக் கேட்டிருக்கிறார். அந்தப் பையன் பிரிந்துபோய் இரண்டு மாதமாகிறதாம். சொல்லும்போதே தேம்பினாளாம். இவர் கோபத்தில் ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

“ரெண்டு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா அவன ஒதச்சிருப்பேன். இப்ப ஒதைக்கறதுக்கும் ஆளு இல்ல” என்றார். பிறகு கப்பை என் மேஜையில் வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “டீ இன்னா சூடு நிக்குதும்மா இதுல! இதே மாரி ஒண்ணு குடு, மூஞ்சி மட்டும் வாணாம்.”

சாம்பிள் ஜோடி

கடையில் சாம்பிள் வைக்க நிஜ ஜோடியின் படம் இருந்தால் வியாபாரம் நன்றாக இருக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினேன். விம்கோ நகரில் டைலரிங் யூனிட்டில் வேலை செய்யும் பெண் ஒருத்தியும், காசிமேட்டில் ஐஸ் லோடு ஏற்றும் பையன் ஒருவனும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். ஷோகேஸில் முன்வரிசையில் வெள்ளைக் கப்பில் இருவரும் ஒன்றரை வருஷம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் அவர்களைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுத்தார்கள்.

அப்புறம் வழக்கம்போல ஆகிவிட்டது. அந்தப் பெண் ஒருநாள் தனியாக வந்து, “அக்கா, பஸ்ல போறப்பலாம் கண்ணுல படுது. தயவுபண்ணி எடுத்துருங்க” என்றாள். உடனே எடுத்து உள்ளே வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பையன் வந்தான். காலியாக இருந்த இடத்தையே பார்த்தான். ஏன் எடுத்தாய் என்று சண்டைக்கு வந்தான். அவள் கேட்டுக்கொண்டாள் என்று சொன்னதும் அடங்கிவிட்டான். இப்போது ஷோகேஸில் ஜமீலாக்கா வளர்க்கிற பூனையின் படம்தான் இருக்கிறது. அதற்கு ஜோடி கிடையாது. அன்று அவன் படியிறங்கும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “நாங்க ரெண்டு பேரும் சேந்துகினு இருந்த ஒரே எடம் உன் கடதான்க்கா. அதையும் காலி பண்ட்டியே.”

நான் செய்த தப்பு

மெஷினிலிருந்து எடுக்கும்போது மேஜிக் கப் சூடாக இருக்கும், முகம் தெரியும். ஆற ஆற மறையும். பத்து நிமிஷத்தில் எல்லாக் கப்பும் ஒரே மாதிரி கறுப்பாகிவிடும். அதனால் சூடு ஆறுவதற்குள் அடியில் பேர் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டிவிட வேண்டும். இந்தத் தொழிலில் நாங்கள் மறக்கக் கூடாதது அது ஒன்றுதான்.

ஒருநாள் இரண்டு கப்பை எடுத்து வைத்த நேரம் பார்த்து, போனில் பிரபு பேருக்குக் கீழே ‘டைப்பிங்’ என்று வந்தது. முந்தின நாள் நான் ‘அம்மாகிட்ட சொன்னியா?’ என்று கேட்டிருந்தேன். அதற்குத்தான் பதில். ‘டைப்பிங்’ நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. பெரிதாக ஏதோ எழுதுகிறான், ஒருவேளை அதுவாகவே இருக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு கப்பும் கறுப்பு. எது எதுவென்று தெரியவில்லை. சுடுதண்ணி ஊற்றிப் பார்த்திருக்கலாம். எனக்கு அன்று புத்தி எங்கே இருந்தது? குத்துமதிப்பாக ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். குத்துமதிப்பு தப்பிவிட்டது.

ஒன்று, இருபத்தைந்து வருஷம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிக்குப் பிள்ளைகள் ஆர்டர் சொன்ன கப். அந்த அம்மாவும் ஐயாவும் மாலையோடு, தொப்பையோடு நிற்கிறார்கள், கீழே ‘25 ஆண்டுகள்’. இன்னொன்று, ஒரு டெலிவரி பாய் தன் காதலிக்குச் சொன்னது. மூன்று வருஷமாகக் கல்யாணப் பேச்சை எடுத்தாலே ‘சார்ஜ் இல்ல’ என்று போனை வைத்துவிடுகிறவன் அவன். மறுநாள் அவன் பதறிக்கொண்டு வந்தான். பின்னாலேயே அந்தப் பெண்ணும் வந்தாள், பெட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு. யாரோ முன்பின் தெரியாத தம்பதி என்று நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். வேறு கப் இலவசமாகத் தருகிறேன் என்றும் சொன்னேன். அவள் பெட்டியைத் தரவே இல்லை. தம்பதிக்குப் புதுசாக ஒன்று அடித்துக் கொடுத்தேன். அவளோ அவனை நேராகப் பார்த்து என்னிடம் சொன்னாள்: “இன்னா ஆனாலும் திருப்பித் தர மாட்டேன்க்கா. இருவத்தஞ்சு வருசம் கூட இருப்பேன்னு இவன் கையால குடுத்தது இது ஒண்ணுதான்.”

ஒற்றை எழுத்து

அன்று பத்து நிமிஷம் டைப் பண்ணிப் பிரபு அனுப்பிய பதிலை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ம்’.

ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் ‘தெளிவா கேட்டுடு, மரியாதைய விட்டுடாத’ என்று வாய் கிழியப் பேசுகிறவள் நான். அந்த ஒற்றை எழுத்தை இரண்டு நாள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லியாச்சு என்கிற ‘ம்’மா? சொல்லப்போகிறேன் என்கிற ‘ம்’மா? ஆளை விடு என்கிற ‘ம்’மா? கடைசியில் வெட்கத்தை விட்டு ஜமீலாக்காவிடம் காட்டினேன். அவர் கலர் பேப்பரைக் கத்தரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். “எங்க வூட்டுக்காரரும் என்னைப் பாத்துட்டு ‘ம்’முன்னுதான் சொன்னாரு. ஆனா அவுரு பின்னால அவுங்க அம்மா உக்காந்துகினு ‘எங்களுக்குச் சம்மதம்’னு சொல்லிச்சு. நீ ‘ம்’முக்கு அர்த்தம் தேடாத செல்வி, அவுங்க அம்மா எப்ப வரும்னு மட்டும் கேளு.”

அம்மா வந்தார்

கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் அடுத்த மாதமே வந்தார்.

கொண்டை போட்டுக் கனகாம்பரம் வைத்த அம்மா, வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில். பையனுக்கு நிச்சயதார்த்தமாம். வருகிறவர்களுக்குக் கொடுக்க மாப்பிள்ளை, பெண் படம் போட்ட மேஜிக் கப் ஐம்பது வேண்டுமாம். “அவன் வண்ணாரப்பேட்டைலதான் போடணும், இங்கல்லாம் நல்லா போட மாட்டாங்கன்னு ஒத்தக் கால்ல நின்னான். நீ பக்கத்துல கீறப்போ எதுக்கும்மா அம்மாந்தூரம் போவணும்?” என்று சொல்லிக்கொண்டே போனை நீட்டினார். படத்தில் பிரபு நின்றான். நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டிருந்தான். பக்கத்தில் நின்ற பெண் பாவம், நன்றாகத்தான் இருந்தாள். அன்று காலையில்கூட ‘சாப்டியா’ என்று எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தான்.

வலித்தது. இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறேன், ஆனால் நெஞ்சுக்குள் எதையோ வைத்து அழுத்தின மாதிரி வலித்தது. ஆர்டர் புத்தகத்தை எடுத்தேன். “போன் நம்பர் சொல்லுங்கம்மா” என்றேன். “எனுக்கு மெசேஜ்லாம் பாக்கத் தெரியாது, அவன் நம்பரே எழுதிக்க” என்று அவர் கைப்பையில் சீட்டைத் தேட ஆரம்பித்தார். அவர் தேடி எடுப்பதற்குள் நான் பத்து எண்ணையும் எழுதி முடித்திருந்தேன். நல்லவேளை, அவர் கவனிக்கவில்லை. ஜமீலாக்கா கவனித்தார். அந்த அம்மா போனதும், “முடியாதுன்னு சொல்லிரு, இல்லன்னா நாலு கப்பையாச்சும் கீய போட்டு ஒட” என்றார். உடைக்கவில்லை. கப் என்ன பாவம் பண்ணியது?

அந்த மாற்றிக் கொடுத்த விவகாரத்துக்குப் பிறகு நானே கடைக்கு ஒரு சட்டம் போட்டிருந்தேன். எந்த மேஜிக் கப்பையும் சுடுதண்ணி ஊற்றிப் பார்க்காமல் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. யாருக்காக டைப்பிங் பார்த்து நின்று அந்தத் தப்பைச் செய்தேனோ, அவனுக்காகவே இப்போது அந்தச் சட்டம் வேலை செய்தது. சேதாரத்துக்கு இரண்டு சேர்த்து ஐம்பத்திரண்டு கப். கெட்டிலில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். ஒவ்வொரு கப்பிலும் முதலில் அவன் நெற்றி வரும், அப்புறம் கண், அப்புறம் அந்தச் சிரிப்பு. தண்ணியைக் கொட்டிவிட்டு அடுத்தது. நீங்களெல்லாம் பிரிந்துபோனவரின் டிபியை ராத்திரியில் ஒருமுறை திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு அழுகிறீர்கள். நான் பட்டப்பகலில் ஐம்பத்திரண்டு முறை பார்த்தேன். முப்பதாவது கப் வரை கண் கலங்கியது. நாற்பதுக்கு மேல், கம்ப்யூட்டரில் மூக்கை இன்னும் கொஞ்சம் சரிபண்ணியிருக்கலாம் என்று தோன்ற ஆரம்பித்தது.

வேலை முடிந்ததும் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் கடை போனிலிருந்து ஒரே மெசேஜ்தான் அனுப்புவோம். கப்புகளை வரிசையாக வைத்து ஒரு படம், கீழே ‘உங்கள் ஆர்டர் தயார். மீண்டும் வருக’. அவன் நம்பருக்கு அனுப்பினேன். நீல டிக் உடனே விழுந்தது. ‘டைப்பிங்’ வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நான் கடை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பார்சல் கட்டப் போனேன். ரொம்ப நேரம் கழித்து நிமிர்த்திப் பார்த்தேன். ‘ம்’ கூட இல்லை.

மறுநாள் அந்த அம்மா தனியாக ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தார். ஒரு கப்பில் சுடுதண்ணி ஊற்றிக் காட்டினேன். பிள்ளை முகம் தெரியத் தெரிய அவருக்குக் கண்ணெல்லாம் தண்ணி. அந்த நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. என் கன்னத்தைத் தொட்டு, “ஷோக்கா போட்டுக்கீற கண்ணு” என்றார். பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றியபின் திரும்பி வந்து, பெருமை தாங்காமல் சொன்னார்: “எங்க பிரபு மாரி புள்ள கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்மா. மனசுல எதையும் வச்சிக்க மாட்டான், எதுன்னாலும் மூஞ்சிக்கு நேரா பட்டுனு சொல்லிருவான்.”

ஆகவே, என்னோடு சேர்ந்து காத்துக் கிடந்த மகாஜனங்களே, சேதாரத்துக்குப் போட்ட இரண்டு கப்பும் உடையாமல் என் மேஜையில்தான் இருக்கின்றன, இப்போதைக்கு அவற்றில் நானும் ஜமீலாக்காவும் மோர்தான் குடிக்கிறோம்.